பழைய வீட்டு வேலைக்கு விலை சொல்லும் முன்

திருச்சிப் பக்கம் சிவில் டிப்ளமோ முடித்து, சொந்தமாக ஒப்பந்த வேலை எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “இதுவரை புது வீடுகள்தான் கட்டியிருக்கிறேன். இப்போது 1980களில் கட்டிய ஒரு வீடு கைக்கு வந்திருக்கிறது. சமையலறைச் சுவரை எடுத்துக் கூடத்தோடு சேர்க்க வேண்டும், இரண்டு குளியலறைகளைப் புதுப்பிக்க வேண்டும், மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்கிறார். என்ன சொல்வது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?”

தம்பி, சதுர அடி விலை சொல்லாதீர்கள். முதல் பதில் இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து வருகின்றன.

புது வீட்டில் சதுர அடிக் கணக்கு ஓரளவு செல்லும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், வைத்தவரே நீங்கள்தானே. பழைய வீட்டில் பூச்சை உடைத்த பிறகுதான் செங்கலை மண் சாந்தில் கட்டினார்களா, சிமெண்டில் கட்டினார்களா என்பதே தெரியும். குளியலறைத் தளத்தைப் பெயர்த்த பிறகுதான் கீழே உள்ள கான்கிரீட்டில் கம்பி மிச்சம் இருக்கிறதா என்பது தெரியும். விலை பேசி, அட்வான்ஸ் வாங்கிய பிறகு இவை ஒவ்வொன்றாக வெளியே வரும்போது, இந்தச் செலவு யாருடையது என்ற வாக்குவாதம் தொடங்குகிறது. பாதியில் நின்றுபோன புதுப்பிப்பு வேலைகளில் நான் பார்த்த பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நின்றிருக்கின்றன. ஒப்பந்ததாரர் ஏமாற்றியதால் நின்றவை மிகக் குறைவு.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆய்வு. அதற்கென்று ஒரு சிறு தொகையைத் தனியாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆய்வு முடிந்ததும் அளவுகளும் வேலைப் பட்டியலும் வீட்டுக்காரருக்குச் சொந்தம், அவர் அதை வைத்து வேறொருவரிடம் விலை கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்பவரிடம்தான் அவர் பெரும்பாலும் வேலையைக் கொடுப்பார்.

ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியது மாடியைத் தாங்கும் சங்கதி. 1980களில் கட்டிய வீடு என்றால் அநேகமாகத் தூண்கள் இருக்காது. 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே கருங்கல் அஸ்திவாரம். சுமப்பது சுவர்தான். அதன்மேல் நீங்கள் எவ்வளவு ஏற்றப் போகிறீர்கள் என்பதை வீட்டுக்காரருக்கு எண்ணாகச் சொல்லுங்கள். 5 அங்குலக் கனத்தில் 100 சதுர அடித் தளம் போட்டால் கான்கிரீட் மட்டும் ஏறத்தாழ 2.9 டன். 10 அடி உயரமுள்ள 9 அங்குலச் சுவர் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1.3 டன்னுக்குக் குறையாது. உச்சியில் வைக்கும் 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீரே 1 டன். பூச்சும் டைல்ஸும் மனிதர்களும் அலமாரிகளும் இதற்கு மேல். இந்த எடையைக் கேட்ட பிறகு “சும்மா ஒரு மாடிதானே” என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டின் வெளிப்பக்கம் இரண்டு இடங்களில் அஸ்திவாரத்தின் அடி தெரியும்வரை சிறு குழி எடுங்கள். நீளமாகத் தோண்ட வேண்டாம், சுவரோரம் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பது ஆபத்து. அகலம், ஆழம், எந்தச் சாந்து, கீழே என்ன மண் என்பதைக் குறித்து, படம் எடுத்து, அன்றே மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி மூடுங்கள். மண் கரிசலாக இருந்தால் உடனே நிறுத்தி யோசிக்க வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து பெரம்பலூர் திசையில் போனாலே கரிசல் வந்துவிடும். மழையில் ஊதி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் அது. சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால், அது கோடையில் விரிந்து மழையில் மூடுகிறதா என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வது எந்தக் கருவியையும்விடப் பயன்படும்.

தூண் உள்ள வீடாக இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். “பின்னால் மாடி எடுக்கலாம்” என்று மொட்டை மாடியில் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள். பல வருடம் மழையில் நனைந்த கம்பி, கான்கிரீட்டுக்குள் நுழையும் அந்த விளிம்பில்தான் அதிகம் அரித்திருக்கும். கம்பி தூரிகையால் தேய்த்து, மிச்சமிருக்கும் விட்டத்தை அளந்து பாருங்கள். கம்பி நீட்டியிருப்பது அந்தக் காலத்தில் ஒருவருக்கு இருந்த ஆசையைத்தான் காட்டும். அஸ்திவாரம் இரண்டு மாடிக்குப் போட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இந்த விவரங்களை எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போங்கள். தாங்கும், தாங்காது என்பதை அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்களும் நானும் எத்தனை வீடு கட்டியிருந்தாலும் இதை நம் வாயால் சொல்லக் கூடாது. அவர் தாங்காது என்றாலும் வழி அடைபடுவதில்லை. புதிய அஸ்திவாரத்தில் தனித் தூண்களை எழுப்பி, மாடியின் எடையைப் பழைய சுவர்மேல் விடாமல் இறக்கலாம். செங்கலில் மூன்றில் ஒரு பங்கு எடையே உள்ள, காற்றுக் குமிழிகள் நிறைந்த ஏ.ஏ.சி. பிளாக்கில் சுவர் வைக்கலாம். மேலே கான்கிரீட்டுக்குப் பதில் இலகுவான கூரை போடலாம். ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு. அதனால்தான் ஆய்வுக்கு முன் விலை கூடாது என்கிறேன்.

இன்னொன்று. தேக்கு விட்டங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை உங்கள் கைக்கு வந்தால், அதன்மேல் மாடி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அந்தக் கூரையைப் பழுது பார்த்துக் காப்பாற்றுவது தனிக் கலை, அதற்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் வேண்டும்.

சமையலறைச் சுவருக்கு வருகிறேன். எடுக்கப்போகும் சுவர் 4½ அங்குலமா, 9 அங்குலமா? 4½ அங்குலம் என்றால் அது பெரும்பாலும் வெறும் தடுப்பு. ஆனால் மேலே லாஃப்ட்டோ (சாமான் வைக்கும் பரண்), பின்னால் சேர்த்த தளமோ அதில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 9 அங்குலம் என்றால் சுமக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பீம் அளவை இன்ஜினியர் கொடுக்கட்டும். இப்படிப்பட்ட இடங்களில் நான் I வடிவ இரும்பு பீமான ஐ செக்ஷனையே விரும்புவேன், வைத்த அன்றே சுமக்கும். கான்கிரீட் பீம் என்றால் நாள்கணக்கில் முட்டுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சுவரின் இரு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகே முதல் செங்கல் வெளியே வரலாம். பீமின் இரு முனைகளும் உட்காரும் இடத்தில் பழைய செங்கல் நசுங்காமல் இருக்கக் கான்கிரீட் மெத்தை போட வேண்டும். “காலையில் உடைப்போம், சாயங்காலம் பீமை ஏற்றிவிடலாம், முட்டு எதற்கு” என்று அனுபவமுள்ள மேஸ்திரியே சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேலை நடக்கும்போது வீட்டார் அந்தப் பகுதியில் இருக்கக் கூடாது. மின் இணைப்பை மெயினிலேயே நிறுத்திவிட்டு, வேலைக்குத் தனித் தற்காலிக இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் வயர் எந்தச் சுவரில் எப்படிப் போகிறது என்பதை அந்தச் சுவரையே கேட்டால்தான் தெரியும்.

குளியலறை, உங்கள் பெயரைக் கெடுக்கவோ நிலைநிறுத்தவோ போகும் இடம். பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தரச் சொல்லி வீட்டுக்காரர் கேட்பார், செலவும் நாளும் மிச்சம் என்பார். குளியலறைக்குக் கீழே அறை இருந்து, அதன் கூரையில் ஓதம் அடித்தால் அதைச் செய்யவே கூடாது. கசிவு உள்ளேயே தங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். ஒரு நாள் கீழே உள்ளவர் தலையில் பூச்சும் காரையும் விழும். எனவே கான்கிரீட் தெரியும்வரை பெயருங்கள். துருப்பிடித்த கம்பியைச் சுற்றி, கம்பிக்குப் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூடுங்கள். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் மறுபடி இன்ஜினியரைக் கேட்டுப் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். சிமெண்டைக் குழைத்து மேலே அப்பிவிட்டுப் போவது அந்த வீட்டுக்குச் செய்யும் துரோகம்.

கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. தரையும் சுவரும் சேரும் மூலை, தரைத் தண்ணீர் வடியும் நகானி டிராப்பைச் சுற்றிய வளையம், குழாய் சுவரைத் துளைக்கும் இடம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூலைகளில் கலவையை வளைவாக வைத்து, அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு முறை பூசுங்கள். சுவரில் ஓர் அடி உயரம், ஷவர் பக்கம் ஆறு அடி உயரம் வரை அது ஏற வேண்டும். பிறகு வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டு, கீழே போய்ப் பாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காய்ந்திருந்தால்தான் டைல்ஸ் வேலைக்காரர் உள்ளே வரலாம். குழாய்களையும் அப்படியே: முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பூச்சு. தண்ணீர் வடிவதற்கான தரை வாட்டம் (சரிவு) 5 அடிக்கு முக்கால் அங்குலமாவது இருக்கட்டும். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு வாட்டத்தைச் சரி செய்ய உடைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கீசருக்கு 4 சதுர மி.மீ. வயரும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பெட்டியிலும் கட்டாயம் என்று எழுதிக்கொள்ளுங்கள். உரிமையாளர் வேண்டாம் என்றாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஈரத்தில் நிற்கும் ஒருவரின் உயிர் அந்தச் சிறு சுவிட்சில் இருக்கிறது.

கீழ்ச் சுவர்களில் உப்புப் பூத்து, பூச்சு உதிர்வதையும் சரி செய்யச் சொல்வார்கள். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதம் தாங்கும், பிறகு மீண்டும் வரும். பல ஊர்களில் காரணம் வெளியே இருக்கிறது: தெருவை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. மழைநீர் சுவரடியில் நிற்காமல் வெளியேறப் பாதை செய்யாமல், உள்ளே எந்த ரசாயனம் பூசினாலும் பயன் இல்லை.

இப்போது விலைப் பட்டியல். ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக, அதற்குரிய அலகில் எழுதுங்கள். சுவர் கன அடியில், பூச்சு சதுர அடியில், கம்பி கிலோவில். கம்பியின் எடையை மதிப்பிட விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்குக் கிலோ வரும், 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ. லாரியில் வந்த கம்பியை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டு வீட்டுக்காரர் முன்னிலையிலேயே சரிபாருங்கள். டைல்ஸ், குழாய், கதவு போன்றவற்றுக்குப் பெயர் சொல்லிவிடுங்கள், அல்லது சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை என்று அடிப்படை விலை வைத்து, அதற்கு மேல் தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் அவருடையது என்று எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், எதிர்பாராமல் வரக்கூடிய வேலைகளுக்கும் முன்கூட்டியே விலை எழுதி வைப்பது. காரை விழுந்த தளத்தைப் பழுது பார்க்கச் சதுர அடிக்கு இவ்வளவு, உதிர்ந்த பூச்சைச் செதுக்கிப் பூச இவ்வளவு, பழைய வயரை மாற்ற ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு. அளவு தெரியாது, விலை தெரியும். உடைத்த பிறகு அளவை இருவரும் சேர்ந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும், சுவர் பிளந்து கிடக்கும்போது உட்கார்ந்து பேரம் பேசும் அவலம் இருக்காது. மொத்த மதிப்பில் 10 முதல் 15 சதவீதத்தை இதற்கென வீட்டுக்காரர் தம் கையிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பணம் உங்களிடம் வரக் கூடாது. செலவாகாமல் போனால் அவருக்கு மகிழ்ச்சி, உங்களுக்கு நல்ல பெயர்.

பழைய வீட்டுக்கே உரிய ஒரு சண்டையையும் சொல்லிவிடுகிறேன். பழைய தேக்கு நிலை, கதவு, சன்னல் கம்பி, தரைக்கல் இவையெல்லாம் யாருக்கு? இடித்த கூலியில் கழித்துக்கொண்டு நீங்கள் எடுப்பதா, வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வாரா? ஒரு வரி எழுதி வையுங்கள். இடிபாட்டை அள்ளிப்போகும் செலவையும் தனி வரியாகப் போடுங்கள். அது நகராட்சி சொல்லும் இடத்துக்குப் போகட்டும், ஏரிக்கரையில் கொட்டுபவரிடம் மலிவு என்று கொடுக்காதீர்கள்.

பணம் கட்டம் கட்டமாக வர வேண்டும், ஒவ்வொரு கட்டமும் கண்ணால் பார்க்கக்கூடிய வேலையோடு இணைந்திருக்க வேண்டும். “தளம் போட்டதும்”, “தண்ணீர்ச் சோதனை முடிந்ததும்” என்று எழுதுங்கள், தேதியோடு இணைக்காதீர்கள். கூடுதல் வேலை எதுவானாலும் விலையும் நாளும் எழுதி, அவர் கையெழுத்தோ வாட்ஸ்அப்பில் சம்மதமோ வந்த பிறகே கருவியை எடுங்கள். வீட்டம்மா ஒன்று சொல்வார், ஐயா ஒன்று சொல்வார், வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் வேறொன்று சொல்வார். யாருடைய சொல் இறுதி என்பதையும் முதல் நாளே மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மாடி எடுக்க உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும்; 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பக்கவாட்டு இடைவெளிகள் பார்க்கப்படும். அனுமதித் தாள் கைக்கு வராமல் செங்கல் இறக்காதீர்கள். பொருளும் கூலியும் சேர்த்து எடுக்கும் ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், விலையில் அது அடக்கமா, தனியா என்று சொல்லிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய மதிப்பீட்டை நகல் எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலை சரியில்லை என்றால் வீட்டுக்காரர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். அங்கே உங்களுக்குத் துணை நிற்பது எழுதி வைத்த தாளும் தேதியிட்ட படங்களும்தான்.

வேலை நடக்கும்போது அவசரம் காட்டாதீர்கள், குறிப்பாகக் கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை, முட்டுகளான சென்ட்ரிங்கைப் பிரிப்பதில். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456இன்படி, தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்தின் முட்டுகள் 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் நிற்க வேண்டும். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை ஓ.பி.சி. எனப்படும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்குச் சொன்னவை. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதற்குக் கூடுதல் நாள் விடுவது நல்லது. தண்ணீர் கட்டுவதும் பி.பி.சி.க்குக் குறைந்தது 10 நாள், திருச்சி வெயிலில் 14 நாள். சென்ட்ரிங் பலகைக்காரர் வாடகை ஏறுகிறது என்று நச்சரிப்பார். அந்த வாடகையை முதலிலேயே கணக்கில் சேர்த்திருந்தால் அவர் பேச்சு உங்களைத் தொடாது. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டியைக் கம்பிக்கு அடியில் வைக்காமல் ஜல்லியைச் செருகி ஒப்பேற்றுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். இன்று நீங்கள் பழுது பார்க்கும் பழைய தளங்களில் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்கியது.

மொட்டை மாடி, வெளிப்பூச்சு வேலைகள் மழை தொடங்கும் முன், செப்டம்பருக்குள் முடியும்படி நாளை வகுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டை உப்புத்தாள் கொண்டு வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்க வேண்டாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. நனைத்துத் தேய்க்கச் சொல்லி, பெயிண்டருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். உங்கள் கொத்தனார், சித்தாள் எல்லாரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதியாதவர்களை நீங்களே அழைத்துப்போய்ப் பதிய வையுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அவர் குடும்பத்துக்கு முதலில் கைகொடுக்கப் போவது அந்த அட்டைதான்.

பூச்சு மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து, குழாயும் வயரும் தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று ஒரு வரைபடத்தில் குறித்து, சாவியோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அடுத்து ஆணி அடிக்கப்போகும் தச்சருக்கு அது தேவைப்படும். ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை அவரே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். மழை ஓய்ந்து ஜனவரி பிறந்ததும் போய், மொட்டை மாடி, கைப்பிடிச்சுவர் ஓரம், குளியலறைகளின் கீழ்ப்பக்கம், சமையலறைப் பீமின் இரு முனைகள் எல்லாவற்றையும் அவரோடு சேர்ந்து பாருங்கள். சரி செய்ய வேண்டியது இருந்தால் சரி செய்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள்.